குழியும் கோப்பும்

அமேசான் மழைக்காட்டின் சத்தில் பெரும்பகுதி மண்ணுக்கு மேலே, மரங்களுக்குள், உயிரோடு நிற்கிறது. இலட்சக்கணக்கான ஆண்டுகளாகப் பெய்த மழை அடிமண்ணின் தாது உப்புகளை அரித்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியிருப்பது இரும்பும் அலுமினியமும் மிகுந்த, புளிப்பேறிய செம்மண்ணும் மஞ்சள் மண்ணும். உதிர்ந்த இலை சில மாதங்களில் மட்கிவிடுகிறது. அதன் சத்து கீழே இறங்குவதற்குள் பூஞ்சை இழைகளும் மேலோட்டமாகப் படர்ந்த வேர்களும் அதை உறிஞ்சி மரத்துக்கே திருப்பிவிடுகின்றன. காடு தன் முதலைத் தானே சுழற்றி உயிர்வாழ்கிறது.

மழையும் அப்படித்தான். பிரேசில் அறிவியலாளர் எனியாஸ் சலாத்தி 1970களில் மழைநீரின் ஆக்சிஜன் ஐசோடோப்புகளை அளந்து, அமேசான் படுகையில் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதி காடே ஆவியாக்கித் திருப்பி அனுப்பும் நீர் என்று காட்டினார். அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்கே போகப் போக, ஒரே நீர் மழையாக விழுந்து, வேர் வழியே ஏறி, இலை வழியே மீண்டும் காற்றில் கலக்கிறது. ஆண்டிஸ் மலையில் மோதித் தெற்கே திரும்பும் அந்த ஈரம்தான் பிரேசிலின் தென்பகுதி வயல்களுக்கும் நகரங்களுக்கும் மழை தருவதில் பெரும்பங்கு வகிக்கிறது. படுகையின் காட்டில் 20 முதல் 25 விழுக்காடு அழிந்தால் இந்தச் சுழற்சி குலைந்து, கிழக்கிலும் தெற்கிலும் காடு வறண்ட புல்வெளியாகச் சரியத் தொடங்கலாம் என்று தாமஸ் லவ்ஜாயும் கார்லோஸ் நோப்ரேயும் 2018இல் எச்சரித்தார்கள். ஆறில் ஒரு பங்கு ஏற்கெனவே போய்விட்டது.

இந்தக் காட்டை அழித்ததில் முதலிடம் மாட்டு மேய்ச்சலுக்கு. நிலப்பரப்பைக் கணக்கிட்டால் சுரங்கத்தின் பங்கு சிறியது. சுரங்க முதலாளிகளும் அவர்களுக்கு ஆதரவான அரசியல்வாதிகளும் எப்போதும் முன்வைக்கும் வாதமும் இதுதான்: இத்தனை பெரிய காட்டில் ஒரு குழி எவ்வளவு இடத்தை அடைத்துவிடும்? இந்த வாதம் இரண்டு இடங்களில் தவறுகிறது. முதலாவது, குழியின் தன்மை. மேய்ச்சலுக்காக வெட்டப்பட்ட நிலத்தில் மேல்மண் இருக்கிறது, அடிமரங்களும் விதைகளும் இருக்கின்றன. மாடுகளை ஓட்டிவிட்டால் இருபது ஆண்டுகளில் இளங்காடு எழுந்துவிடும். பொன்குழியில் மண்ணே கழுவப்பட்டுவிடுகிறது. கயானாவில் கைவிடப்பட்ட பொன்குழிகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, வெப்பமண்டலக் காடுகளில் இதுவரை பதிவான மீட்சி வேகங்களில் அங்கே கண்டது மிகக் குறைந்தவற்றுள் ஒன்று என்றது. சில குழிகளில் ஆண்டுகள் கழிந்தும் மரம் என்று சொல்லும்படி எதுவும் முளைத்திருக்கவில்லை. பாதரசத்தைவிட, மண்ணோடு போய்விட்ட நைட்ரஜனே அங்கே பெரிய தடையாக இருந்தது.

இரண்டாவது, குழியின் எல்லை. 2005க்கும் 2015க்கும் இடையே பிரேசில் அமேசானில் அனுமதி பெற்ற சுரங்கக் குத்தகைகளைச் சுற்றி நடந்ததை லாரா சோன்டர் தலைமையிலான குழு ஆராய்ந்து 2017இல் வெளியிட்டது. சுரங்கத்தால் தூண்டப்பட்ட காடழிப்பு 11,670 சதுர கிலோமீட்டர். அந்தப் பத்தாண்டுகளின் மொத்த அழிவில் ஏறத்தாழ 9 விழுக்காடு. குத்தகை எல்லைக்கு உள்ளே நடந்ததைப் போல 12 மடங்கு எல்லைக்கு வெளியே நடந்திருந்தது. தாக்கம் 70 கிலோமீட்டர் தொலைவு வரை தெரிந்தது. சுற்றுச்சூழல் அனுமதிக்கான அறிக்கை பெரும்பாலும் குத்தகையின் வேலிக்குள் நின்றுவிடும். காடு சாவது வேலிக்கு வெளியே.

பாரா மாநிலத்தின் கராஜாஸ் இதற்குத் தெளிவான சான்று. 1967இல் கண்டறியப்பட்ட அந்த இரும்புத்தாதுப் படிவு உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. அங்கிருந்து சாவோ லூயிஸ் துறைமுகம் வரை 892 கிலோமீட்டர் இரயில் பாதை 1985இல் திறக்கப்பட்டது. இன்று செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் சுரங்கம் அமைந்துள்ள தேசியக் காடு பச்சைத் தீவாகத் தெரிகிறது. அதைச் சுரங்க நிறுவனம் காத்துவந்தது உண்மை. அந்தத் தீவைச் சுற்றித்தான் எல்லாமே மேய்ச்சல் நிலம். பாதையோரம் வார்ப்பிரும்பு உலைகள் முளைத்தன. அவற்றுக்கு வேண்டிய கரிக்காகச் சுற்றுக்காடுகளின் மரங்கள் சூளைகளில் எரிந்தன. வேலை தேடி வந்தவர்களால் பெருகிய பராவபேபாஸ் 1988இல் தனி நகராட்சியானது. இன்று அதில் 2.5 இலட்சத்துக்கும் அதிகமானோர் வசிக்கிறார்கள். வந்தவர்களைக் குறைசொல்ல எதுவுமில்லை. பிரேசிலின் வடகிழக்குப் பகுதியின் வறட்சியிலிருந்தும் நிலமின்மையிலிருந்தும் தப்பி வந்தவர்கள் அவர்கள். பாதை போடும் திட்டத்தில் அந்த வருகைக்கு இடமில்லாமல் போனதே பிழை. அமேசானில் நடந்த காடழிப்பில் 95 விழுக்காடு ஏதேனும் ஒரு சாலைக்கு 5.5 கிலோமீட்டருக்குள்ளோ பெரிய ஆற்றுக்கு ஒரு கிலோமீட்டருக்குள்ளோ நடந்தது என்கிறது 2014இல் வெளியான ஓர் ஆய்வு.

பெருநிறுவனச் சுரங்கத்தைவிட இன்று அதிக இடத்தைத் தின்பது கரிம்போ. சிறு அளவில் பொன் அரிக்கும் தொழிலுக்குப் பிரேசிலில் வழங்கும் பெயர் அது. அதைச் செய்பவர் கரிம்பெய்ரோ. 1980இல் செர்ரா பெலாடாவில் பல பத்தாயிரம் ஆண்கள் மண்மூட்டை சுமந்து ஏணிகளில் ஏறியபோது அது உடலுழைப்பாக இருந்தது. இப்போது பொக்லைன் இயந்திரங்களும், ஆற்றின் அடியை உறிஞ்சும் மிதவைகளும், சிறு விமானங்களும், செயற்கைக்கோள் இணையமும் இல்லாமல் அந்தத் தொழில் நடப்பதில்லை. ஓர் இயந்திரம் வாங்க வேண்டிய முதல் எந்தக் கூலித் தொழிலாளியிடமும் இருக்காது. இயந்திரமும் விமான ஓடுதளமும் வைத்திருப்பவர் நகரத்தில் இருக்கிறார். மலேரியாவோடு குழியில் நிற்பவர் கிராமத்து ஏழை. சட்டம் மட்டும் இன்னும் இதைச் சிறுதொழில் என்றே அழைத்து, அதற்குரிய சலுகைகளைத் தருகிறது. 2020இல் பிரேசிலில் கரிம்போ பரப்பு பெருநிறுவனச் சுரங்கப் பரப்பைத் தாண்டியது. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அமேசானில் இருக்கிறது.

வேலை நடக்கும் முறை எளியது. ஓடைக்கரை மரங்களை வீழ்த்திவிட்டு, அழுத்தமேற்றிய நீரைக் குழாய்வழிப் பாய்ச்சிக் கரையைக் கரைக்கிறார்கள். சேறு சரிவான மரப்பலகையில் ஓடும்போது கனமான துகள்கள் விரிப்பில் தங்குகின்றன. அதில் பாதரசம் சேர்த்தால் பொன்தூள் அதனோடு ஒட்டித் திரளும். திரளைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகப் போய் பொன் நிற்கும். பொற்கொல்லர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த வித்தைதான். ஆனால் பட்டறையில் துளித்துளியாகக் கையாளப்பட்ட பொருள் இங்கே ஆற்றில் கொட்டப்படுகிறது. ஆற்றடிச் சேற்றில் நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது சிறுமீனிலிருந்து பெருமீனுக்கு ஏற ஏறச் செறிந்து, மீனே முதன்மை உணவான மக்களின் உடலில் சேர்கிறது. கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியை அது குலைக்கும் என்பது ஜப்பானின் மினமாட்டாவில் உலகம் கற்ற பாடம். அந்த ஊரின் பெயரைத் தாங்கிய பாதரச உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. தபஜோஸ் ஆற்றுப் பகுதியில் முண்டுருக்கு பழங்குடி மக்களிடையே ஃபியோக்ரூஸ் என்ற பிரேசில் அரசுச் சுகாதார ஆய்வு நிறுவனம் நடத்திய சோதனையில், முடி மாதிரி தந்த ஒருவர்கூடப் பாதரசம் இல்லாதவராக இல்லை. பத்தில் ஏறத்தாழ ஆறு பேரிடம் அது பாதுகாப்பு வரம்புக்கு மேல் இருந்தது. இவர்கள் பொன் தேடியவர்கள் அல்லர். மீன் தின்றவர்கள்.

யனோமாமி பழங்குடி மக்களின் நிலத்தில் இந்த அழிவின் எல்லா முகங்களும் ஒன்றுசேர்ந்தன. வெனிசுவேலா எல்லையோரம் 96,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த அந்த நிலம் போர்ச்சுகலை விடச் சற்றுப் பெரிது. 1970களில் இராணுவ அரசு நடத்திய ரேடார் கணக்கெடுப்பு அங்கே கனிமம் உண்டு என்று அறிவித்தது. வடக்கு எல்லை நெடுஞ்சாலைப் பணியோடு தட்டம்மையும் உள்ளே வந்தது. 1980களின் இறுதியில் ஏறத்தாழ 40,000 கரிம்பெய்ரோக்கள் நுழைந்திருந்தார்கள். தாவி கோபெனாவா போன்ற யனோமாமி தலைவர்களும் வெளியே அவர்களுக்குத் துணைநின்றவர்களும் பல ஆண்டுகள் போராடியதன் பயனாக 1992இல் நிலம் அவர்களுடையதென்று அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே ஹஷிமூ என்ற இடத்தில் கரிம்பெய்ரோக்கள் யனோமாமி மக்கள் 16 பேரைக் கொன்றார்கள். அதைப் பிரேசில் நீதிமன்றம் இனக்கொலை என்றே தீர்ப்பளித்தது.

முப்பது ஆண்டுகள் கழித்து அதே நிலத்தில் ஏறத்தாழ 20,000 பேர் மீண்டும் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். தேங்கிய குழிநீரில் கொசு பெருகி மலேரியா பரவியது. ஆறு கலங்கி மீன் குறைந்தது. இயந்திர இரைச்சலில் வேட்டை விலங்குகள் அகன்றன. காய்ச்சலில் கிடந்தவர்களால் தோட்டம் போட முடியவில்லை. மருந்து கொண்டுவர வேண்டிய ஓடுதளங்கள் சிலவற்றைக் கரிம்பெய்ரோக்கள் கைப்பற்றியிருந்தார்கள். தடுக்கக்கூடிய நோய்களாலும் பசியாலும் நான்கே ஆண்டுகளில் 570 குழந்தைகள் இறந்த செய்தி வெளிவந்தபின், 2023 ஜனவரியில் அரசு அங்கே சுகாதார நெருக்கடியை அறிவித்தது. காட்டை மரங்களின் எண்ணிக்கையாக மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த 570 கணக்கில் வராது. வந்தாக வேண்டும்; ஏனென்றால் காடு கலைந்தால் அங்கே வாழ்வோரின் சோறும் மருந்தும் சேர்ந்தே கலைகின்றன.

இத்தனையும் சட்டம் இல்லாத நாட்டில் நடக்கவில்லை. பிரேசிலின் 1988 அரசியல் சட்டத்தின் 231ஆம் பிரிவு பழங்குடி நிலத்தில் கரிம்போவை அறவே விலக்குகிறது. பெருநிறுவனச் சுரங்கத்துக்கும் நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும், அந்த மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். அந்தப் பிரிவு இன்றும் அப்படியேதான் இருக்கிறது. கீழ்ச்சட்டங்களிலும் ஆணைகளிலும் சுற்றறிக்கைகளிலும் அது கரைக்கப்பட்டது. 2013இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட உழவர்களுக்கான உதவி முதலியவற்றைப் பற்றிய ஒரு சட்டத்தில், தொடர்பே இல்லாத ஒரு விதி செருகப்பட்டது. பொன் விற்பவர் அது எங்கே எடுக்கப்பட்டது என்று தாளில் எழுதித் தந்தால் போதும். வாங்கும் நிறுவனம் நல்லெண்ணத்தோடு வாங்கியதாகவே கொள்ளப்படும். சரிபார்க்கும் கடமை யாருக்கும் இல்லாமல் போயிற்று. யனோமாமி நிலத்தில் எடுத்த பொன்னைத் தபஜோஸ் பகுதியில் அனுமதி பெற்ற ஏதோ ஒரு குழியின் பெயரில் எழுதிவிடலாம். அந்தக் குழி இருக்க வேண்டிய இடத்தைச் செயற்கைக்கோளில் தேடியபோது சில இடங்களில் வெட்டுப்படாத காடே நின்றது. உருக்கிய பொன்னுக்கு ஊர் கிடையாது. உலகில் நகைக்காக மிக அதிகம் பொன் வாங்கும் இரு நாடுகள் இந்தியாவும் சீனாவும்; கடைக்கு வந்துவிட்ட பொன்னில் எது எந்த ஆற்றைக் கலக்கி வந்தது என்று வாங்குபவரால் அறிய முடியாது. அந்த நல்லெண்ண விதியை உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் நிறுத்திவைத்து, 2025இல் செல்லாது என்று அறிவித்தது. பத்தாண்டுகள் அது உயிரோடு இருந்தது.

சட்டத்தை மாற்றாமலே காவலைத் தளர்த்துவதும் உண்டு. 2019 முதல் 2022 வரை குடியரசுத் தலைவர் ஜாயிர் போல்சொனாரோ ஆட்சியில் நடந்தவற்றில் பெரும்பகுதி அந்த வகை. சுற்றுச்சூழல் அபராதங்களுக்கு முன்னதாகச் சமரச விசாரணை என்ற புதிய படி சேர்க்கப்பட்டது. விசாரணைகள் நடக்கவில்லை, அபராதங்கள் தேங்கின. காட்டுக்குள் பிடிபட்ட இயந்திரங்களை அங்கேயே எரிக்க இபாமா என்ற சுற்றுச்சூழல் காவல் அமைப்புக்குச் சட்டம் இடம் தருகிறது. நாட்டின் தலைவரே அதை எதிர்த்துப் பேசினார். காடழிப்பு அளவை வெளியிட்ட விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் ரிக்கார்டோ கால்வாவ் 2019 ஆகஸ்டில் பதவி நீக்கப்பட்டார். நார்வேயும் ஜெர்மனியும் நிதி தந்துவந்த அமேசான் நிதியம் அதே மாதம் முடங்கியது. 2020 ஏப்ரலில் நடந்த அமைச்சரவைக் கூட்டத்தில், ஊடகங்களின் கவனம் கொரோனாவில் இருக்கும் வேளையைப் பயன்படுத்தி விதிகளைத் தளர்த்திவிடலாம் என்று சுற்றுச்சூழல் அமைச்சரே பேசினார். உச்ச நீதிமன்ற ஆணைப்படி வெளியான பதிவில் நாடே அதைக் கேட்டது. பழங்குடி நிலங்களைச் சுரங்கத்துக்குத் திறக்கும் மசோதா அந்த ஆண்டு பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பப்பட்டிருந்தது. அது ஒருபோதும் நிறைவேறவில்லை. ஆனாலும் சட்டம் வரப்போகிறது என்ற பேச்சே பொக்லைனுக்கு முதல் போடுகிறவருக்குப் போதும். முன்னே போய் இடம் பிடித்தவருக்குப் பின்னால் பட்டா கிடைத்த வரலாறு அமேசானில் நீண்டது.

காவலின் வலிமைக்கு எண்களும் சாட்சி சொல்கின்றன. பிரேசில் அமேசானில் 2004இல் அழிந்த காடு 27,772 சதுர கிலோமீட்டர். அந்த ஆண்டு மரினா சில்வா சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தபோது, உடனுக்குடன் எச்சரிக்கும் செயற்கைக்கோள் கண்காணிப்பும் பல அமைச்சகங்களை இணைத்த திட்டமும் தொடங்கின. பின்னர் காடழித்தவர்களுக்கு வங்கிக்கடன் மறுக்கப்பட்டது. 2012இல் அழிவு 4,571ஆகக் குறைந்தது. 2021இல் அது 13,038. மரினா சில்வா மீண்டும் அமைச்சரான பின் 2024இல் 6,288, 2025இல் 5,796. இந்த அளவுகள் மேய்ச்சலையும் பயிரையும் சுரங்கத்தையும் சேர்த்தவை. இதே காலத்தில் பொன்விலை இறங்கவில்லை. 2025 அக்டோபரில் ஓர் அவுன்ஸ் 4,000 டாலரைத் தாண்டியது. விலை ஏறினால் காடு அழிந்தே தீரும் என்பது விதியாக இருந்தால் இந்தச் சரிவு நடந்திருக்காது. ஒரு பகுதியில் காவல் இறுகும்போது குழி வேறிடம் தேடுவதும் உண்டு: யனோமாமி நிலத்தில் சோதனைகள் கடுமையான பின் மாத்தோ குரோசோ மாநிலத்தின் சராரே பழங்குடி நிலத்தில் கரிம்போ வெடித்துப் பெருகியது.

ஓர் ஆணையை எழுதியதைப் போலவே திரும்பப் பெறவும் முடியும் என்பதற்கு ரெங்கா எடுத்துக்காட்டு. பாரா, அமாபா மாநிலங்களில் 46,000 சதுர கிலோமீட்டர் கொண்ட கனிமக் காப்பிடம் அது. 1984இல் இராணுவ அரசு அதை ஒதுக்கியது காட்டுக்காக அல்ல, கனிமத்தை அரசிடம் வைத்துக்கொள்ளத்தான். இருந்தும் தனியார் சுரங்கத்துக்கு அதனால் விழுந்த தடையால் காடு பிழைத்தது. 2017 ஆகஸ்டில் அப்போதைய குடியரசுத் தலைவர் மிஷேல் தெமேர் ஒரே ஆணையால் காப்பிடத்தைக் கலைத்தார். எதிர்ப்பு நாடெங்கும் எழுந்தது, நீதிமன்றம் தடுத்தது, அடுத்த மாதமே ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஒரு கையெழுத்து அந்தக் காட்டைத் திறந்துவிட இருந்தது. மக்கள் கவனித்ததால் மட்டுமே நின்றது.

இப்போதைய தளர்வு அத்தனை வெளிப்படையானது அன்று. சுற்றுச்சூழல் உரிமங்களுக்கான புதிய பொதுச்சட்டம் 2025 ஜூலையில் கீழவையில் விடியற்காலையில் நிறைவேறியது. பல வகைத் திட்டங்களுக்குத் திட்டக்காரரின் சுய அறிவிப்பே உரிமமாகும். அரசு முக்கியமெனக் கருதும் திட்டங்களுக்கு விரைவுப் பாதை உண்டு. குடியரசுத் தலைவர் லூலா ஆகஸ்டில் 63 இடங்களை நிராகரித்துக் கையெழுத்திட்டார். நவம்பரில் அமேசானின் வாசல் நகரமான பெலேமில் ஐ.நா. காலநிலை மாநாடு முடிந்த சில நாட்களில், அந்த நிராகரிப்புகளில் பெரும்பாலானவற்றை நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. 2019இல் புருமாதின்யோவில் சுரங்கக் கழிவு அணை உடைந்து 270 பேரைப் புதைத்த நாடு அது. அந்த அணைக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் இருந்தது. தாளில் எழுதியதை நேரில் போய்ப் பார்க்கும் ஆள் வேண்டும் என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று தேவையில்லை. மின்வாகனங்களுக்கும் மின்கலங்களுக்கும் வேண்டிய நிக்கல், செம்பு, அரிய மண் தனிமங்கள் ஆகியவற்றின் பெயரால் விரைவுப் பாதை கேட்கப்படுகிறது. காலநிலையைக் காக்க வேண்டும் என்பது உண்மை. அதற்காக மழையை உண்டாக்கும் காட்டின் அனுமதிச் சோதனையைச் சுருக்குவது காலநிலைக்கே எதிரானது.

காவலை அரசு மட்டும் செய்யவில்லை. தபஜோஸ் நடுப்பகுதியில் சவ்ரே முய்பு என்ற தங்கள் நிலத்தின் எல்லையை அரசு அறிவிக்கத் தாமதித்தபோது, முண்டுருக்கு மக்கள் 2014இல் தாங்களே காட்டுக்குள் நடந்து, எல்லைக்கோட்டில் தடம் வெட்டி, பலகைகள் நட்டார்கள். அவர்களின் தலைவர்களுள் ஒருவரான அலெசாண்ட்ரா கோராப் முண்டுருக்கு முன்னெடுத்த எதிர்ப்பின் விளைவாக, ஆங்கிலோ அமெரிக்கன் என்ற பன்னாட்டுச் சுரங்க நிறுவனம் பழங்குடி நிலங்களில் தனக்கிருந்த 27 ஆய்வு அனுமதிகளை 2021இல் கைவிட்டது. அதற்காக அவர் 2023இல் கோல்ட்மன் பரிசு பெற்றார். 2024 செப்டம்பரில் நீதி அமைச்சகம் சவ்ரே முய்புவின் ஏறத்தாழ 1,78,000 ஹெக்டேரை முண்டுருக்கு மக்களின் நிலமென அறிவித்து ஆணை வெளியிட்டது. ஆற்றில் ஏற்கெனவே கலந்துவிட்ட பாதரசத்தை அந்த ஆணையால் எடுக்க முடியாது. முண்டுருக்கு கிராமங்களின் கருவுற்ற பெண்களையும் அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளையும் ஃபியோக்ரூஸ் மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து சோதித்துவருகிறார்கள்.